நொறுங்கும் பிளாஸ்டிக்கும் ரப்பர்த் துகளும்

பள்ளி தொடங்கிய சில நாள்களிலேயே பிள்ளையின் பையில் இரு துண்டாகிக் கிடக்கும் தெளிந்த பிளாஸ்டிக் அளவுகோலைக் காணாத இல்லம் இராது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் விறைப்பானவை. வளைந்து கொடுக்க அறியாதவை. எங்கேனும் ஒரு கீறல் விழுந்தால் போதும். இழுக்கும் விசை முழுவதும் அதன் முனையில் குவிந்து, பிளவு நொடிப்பொழுதில் மறுபுறம் சென்றுவிடும்.

இதற்கு மருந்தாய் அமைந்தது ரப்பர். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீன் விற்பனைக்கு வந்தது. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு ரப்பரே போதுமானதாயிற்று.

மென்மையான பொருளைச் சேர்த்தால் வலிமை கூடுவது எங்ஙனம்? ரப்பர் அங்கே கரைந்து மறைவதில்லை. சில மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாகப் பிரிந்து நிற்கிறது. அடி விழும்போது உருண்டைகளைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய கீறல்கள் எண்ணிறந்தன தோன்றும். இவை முழுப் பிளவுகள் அல்ல. இருபுற விளிம்புகளையும் நுண்ணிய இழைகள் தைத்தாற்போல் பிடித்திருக்கும். வளரும் கீறல் அடுத்த உருண்டையைத் தொட்டதும் தடைப்படும். இவ்வாறு, ஒரு பெரும் பிளவை உண்டாக்கவிருந்த ஆற்றல் பல்லாயிரம் சிறு கீறல்களில் செலவாகிவிடுகிறது. சில பிளாஸ்டிக்குகளை வளைத்தால் மடிப்பு வெளுத்துவிடுமன்றோ? அத்தகைய கீறல் கூட்டமே அவ்வெண்மை.

ஆனால் தெளிவு போய்விட்டது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59; ரப்பரினுடையதோ 1.52. ஆகவே ஒவ்வோர் உருண்டையும் ஒளியைத் திசை திருப்ப, பொருள் பால்போல் வெளுக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் உட்சுவருக்கு இது குறையன்று. தெளிவாய்த் தெரியவேண்டிய தகட்டுக்கு ஆகாது.

ஆய்வுக்கூடத்துப் போரோசிலிகேட் கண்ணாடிக் கோலைச் சமையல் எண்ணெயில் அமிழ்த்தினால் கோல் ஏறக்குறைய மறைந்துபோகும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றாயிருப்பதே காரணம். அறிஞர்கள் இதே வழியை அக்ரிலிக்கில் கையாண்டனர். அதன் எண் 1.49. பியூட்டைல் அக்ரிலேட் ரப்பரின் எண் சற்றுக் குறைவு. அதனுடன் அளவாக ஸ்டைரீனைச் சேர்த்து 1.49-க்கு உயர்த்தினர். ரப்பர் மரத்துப் பாலைப்போன்ற நீர்க்கலவையில், மைக்ரானில் மூன்றிலொரு பங்கேயுள்ள துகள்களை உருவாக்கி, அவை அக்ரிலிக்கோடு ஒட்டி நிற்க மேலே மெல்லிய அக்ரிலிக் தோலும் போர்த்தினர். அடிபட்டால் துகளுக்குள் நுண்ணிய வெற்றிடம் தோன்றும்; சூழ்ந்துள்ள அக்ரிலிக் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். உள்ளே துகள்கள் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது!

விறைப்புச் சற்றுக் குறையும்; மேற்பரப்பில் கீறலும் எளிதில் விழும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூடேறினால் ரப்பரின் ஒளிவிலகல் எண் அக்ரிலிக்கைவிட விரைவாகக் குறைவதால், வெந்நீரில் இட்ட தகடு இலேசாக மங்கலாகும். ஆறியதும் மீண்டும் தெளிந்துவிடும்.