திருப்பூரில் ஒரு ராட்டை வகுப்பு வேண்டும்

திருப்பூரில் நடக்கும் நூல் கண்காட்சிக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் கோன்கள்தான். கோம்டு, கார்டெட், ஓபன் எண்ட், மெலாஞ்ச், விஸ்கோஸ் என்று ஸ்டாலுக்கு ஸ்டால் அடுக்கி வைத்திருப்பார்கள். நிட்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து நிற்பார். ஒரு முழம் நூலை இழுத்து அறுத்து, இரண்டு கை நகங்களுக்கு நடுவில் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புவார். முறுக்கு அவிழ்ந்து இழை இழையாகப் பிரியும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குட்டை இழை எவ்வளவு கலந்திருக்கிறது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். பக்கத்தில் கறுப்பு அட்டையில் நூல் சுற்றி வைத்திருந்தால் அதையும் சாய்த்துப் பார்ப்பார். மேடு பள்ளம் இருந்தால் கறுப்பின் மேல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அந்த விலைதான் இந்த ஊரின் நாடித் துடிப்பு. மாதம் பிறந்தால் மில்கள் என்ன விலை சொல்லப் போகின்றன என்று ஊரே காத்திருக்கும். 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலை உயர்வை எதிர்த்து திருப்பூர் இரண்டு நாள் வேலைநிறுத்தமே செய்தது. இப்படி நூலை நம்பி வாழும் ஊரில், ஒரு பிடி பஞ்சைத் தன் கையால் நூலாக்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கண்காட்சியில் லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு ராட்டைக்கும் இடம் ஒதுக்கி, வருகிறவர்களை உட்கார வைத்து நூற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பனியன் தொழிலுக்கே அது உதவும் என்று நம்புகிறேன்.

பழம்பெருமையும் இருக்கத்தான் செய்கிறது. 1925-ல் காந்தி தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியது திருப்பூரிலிருந்துதான். சுற்று வட்டார கிராமங்களில், காட்டு வேலை இல்லாத கோடையில், பெண்கள் பஞ்சை வில்லால் அடித்து, திரியாக உருட்டிப் பட்டை போட்டு, ராட்டையில் நூற்று, சிட்டமாகக் கட்டிக் கொண்டுவந்து கூலி வாங்கிப் போனார்கள். 1932 ஜனவரியில் சுதந்திரப் போராட்டத்தின்போது இந்த ஊர்த் தெருவில் கொடியோடு விழுந்த குமரனும் சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பின்னால் ஆதாரக் கல்வி வந்தபோது பள்ளிக்கூடங்களில் தக்ளி என்னும் கைக்கதிரைச் சுற்றினார்கள். கொங்குப் பகுதியில் இன்றும் அந்தக் காலத்து ஆட்கள் கையில் ஒரு தக்ளியைக் கொடுத்தால் விரல் தானாகச் சுண்டும்.

ராட்டைக்கு முன் உட்கார்ந்தால் நடப்பது இதுதான். வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கையில் பட்டை. அதை விரல் நுனியில் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். இறுக்கினால் இழை வராது. தளர விட்டால் பஞ்சாகவே வந்து அறுந்துவிடும். கதிர் முனையிலிருந்து கையைச் சாய்வாகப் பின்னுக்கு இழுக்க இழுக்க, கதிரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் முனையை விட்டு வழுக்கி ஒரு முறுக்கு ஏறும். கை எட்டும் மட்டும் இழுத்த பிறகு, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். சொல்ல இவ்வளவுதான், கைக்கு வரத்தான் நாளாகும்.

இதில் ஒன்றைக் கவனித்தால் போதும், பாதி நூற்புக்கலை பிடிபட்டுவிடும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் ஓடும். தடித்த இடத்தில் முறுக்கு ஏறாது. அங்கே இழைகள் தளர்வாகவே கிடக்கும். அந்த நேரம் பார்த்து இன்னும் கொஞ்சம் இழுத்தால் தடிப்பு கரைந்து நூல் சமமாகும். முறுக்கு அளவுக்கு மீறினால், நூலைத் தளர்த்தியதும் தன்மேல் தானே சுருண்டு பின்னிக்கொள்ளும்.

பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இந்தச் சுருளல் புதிதல்ல. முறுக்கு கூடிய நூலில் சிங்கிள் ஜெர்சி ஓட்டினால், ஒரு சலவைக்குப் பிறகு டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். ஸ்பைராலிட்டி என்று சொல்லி பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவார். செக்கிங்கில் இருப்பவரும் மெர்ச்சண்டைசரும் நாள் முழுக்க இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கையில் நூல் சுருண்டு துள்ளுவதை அவர்கள் ஒரு முறை உணர்ந்துவிட்டால், லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் என்ன சொல்கிறது என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிடும். அதேபோலத்தான் ஸ்லப் நூலும். கற்றுக்குட்டியின் கையில் தானாக வரும் மேடு பள்ளத்தை மில்லில் வேண்டுமென்றே உண்டாக்கி, தனி நூலாக விற்கிறார்கள். கைநூற்பின் சாயலை உலகம் இன்னும் விரும்புகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம்பர் கணக்கும் அப்படியே. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 30-ம் நம்பர் என்றால் 25,200 கஜம். கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். இந்த நூலில் பின்னிய, 150 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்குள் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நூல் இருக்கிறது. தேர்ந்த கைக்கும் ராட்டையில் மணிக்குச் சில நூறு கஜம்தான் வரும். 1924-ல் காந்தி தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸில், உறுப்பினர்கள் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று முடிவானது. ஒரு டி-ஷர்ட்டுக்கு நான்கு மாதச் சந்தா தேவைப்பட்டிருக்கும்! திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலிலிருந்து நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால், துணியைத் தொடும் விதமே மாறும்.

அமெரிக்காவில் மேரிலாந்தில் 1974 முதலும், நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கில் ஒவ்வொரு அக்டோபரிலும் கம்பளித் திருவிழாக்கள் நடக்கின்றன. ஒரு பக்கம் ஆடுகள், ஒரு பக்கம் கத்தரித்த ரோமம், சாயம், ராட்டை, கதிர் எல்லாம் விற்பனைக்கு. கூடவே நூற்பு வகுப்புகள். அங்கே பருத்தி நூற்க விரும்புகிறவர்கள் தேடுவது நம்முடைய பெட்டி ராட்டையைத்தான். இங்கே, காந்தி ஜயந்தி அன்று கதர்க்கடைகளில் தள்ளுபடி விற்பனையைக் கலெக்டர் தொடங்கிவைப்பார். வேட்டியும் போர்வையும் விற்கும். ராட்டை வாங்கவோ பட்டை வாங்கவோ யாராவது வந்தால் எங்கே அனுப்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் இதை ஆரம்பிக்கப் பெரிய செலவு ஆகாது. நூல் கண்காட்சியில் நாலு ஸ்டால் இடம் போதும். ஒரு இடத்தில் கருங்கண்ணிப் பருத்தி வைக்கலாம். கரிசல் மண்ணில் மானாவாரியாக வந்த நாட்டு ரகம். இழை குட்டை என்று மில்கள் ஒதுக்கியது, ராட்டைக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். அதன் பக்கத்திலேயே 1974-ல் கோவையில் உருவான நீண்ட இழை சுவின் பருத்தியை வைத்தால், இரண்டையும் இழுத்துப் பார்த்து வித்தியாசம் உணரலாம். பெட்டி ராட்டையோடு ஓர் அம்பர் சர்க்காவும் வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் வடிவமைத்த அந்த ராட்டையில் ரோலர் இழையை இழுக்கும். ரிங் ஃபிரேமின் சிறு உருவம் அது. மில் எப்படி ஓடுகிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் அதை வைத்து விளக்கிவிடலாம். குரோஷா போடும் பெண்களுக்கு மீதமான கோன் நூலைக் கிலோக் கணக்கில் விற்க ஒரு கடை போட்டால் கூட்டம் தானாக வரும்.

கதர் தயாரிக்கும் சர்வோதய சங்கங்களில் நூற்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல தினக்கூலி கொடுத்து ஆசிரியர்களாக உட்கார வைக்க வேண்டும். வில் பிடித்துப் பஞ்சு அடிக்கத் தெரிந்தவர்கள்தான் அரிது. அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. கண்காட்சித் தேதி குறிப்பதற்கு முன்பே ஊர் ஊராகப் போய் அவர்களைத் தேட வேண்டும்.