உறைபனிச் சரிவுக்கு எந்தப் பலகை?

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் இரவில் உறையும் பனி, காலையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். அதில் வளைந்து வளைந்து விளையாட ஆசைப்படுகிறவருக்கு எல்லாப் பனிச்சறுக்குப் பலகையும் ஒத்துவராது. முனையும் வாலும் அகன்று, இடை ஒடுங்கிய ‘கார்விங்’ பலகைதான் வேண்டும். 1990களில் இந்த வடிவத்தைப் பரப்பியதில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இடை அகலம் 65 முதல் 72 மில்லிமீட்டருக்குள் இருந்தால், சாய்த்த மாத்திரத்தில் எஃகு விளிம்பு பனியைக் கவ்விக்கொள்ளும். வளைவின் ஆரம் 12, 13 மீட்டர் என்றால் குறுகிய திருப்பங்கள் சுலபம். உள்ளே உலோகத் தகடு வைத்த பலகை அதிர்வைத் தாங்கும். ஆனால் பந்தய வீரர்களுக்கான விறைப்பான பலகை வேண்டாம். வேகம் குறைந்தால் அது வளைந்துகொடுக்காது, காலும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் விளிம்பின் கூர்மை. விரல் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தூள் மெல்லிசாகச் சீவி வர வேண்டும். வராவிட்டால், சரிவில் இறங்கும் முன்பே கடையில் கொடுத்துத் தீட்டி வாங்கிவிடுங்கள்.