ஹாரி பேர்டு: வாக்காளரைக் குறைத்து நிலைத்த அதிகாரம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில டெமாக்ரடிக் கட்சியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் பிடியில் வைத்திருந்தவர் ஹாரி பேர்டு. 1926 முதல் 1930 வரை மாநில ஆளுநராகவும் 1933 முதல் 1965 வரை செனட்டராகவும் இருந்தார். வாக்காளர் தொகை சிறிதாக இருந்ததே அவரது பிடியை இறுக்கியது என்கிறோம். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரியை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்துச் செலுத்தியோரே வாக்களிக்க முடிந்தது. கறுப்பின மக்களில் பெரும்பாலோரும் ஏழை வெள்ளையர் பலரும் விலக்கப்பட்டனர்.

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அதற்கெதிரான போராட்டத்தைப் பேர்டே முன்னின்று நடத்தினார். பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடியது; 1964 வரை அவை திறக்கப்படவில்லை. மாநிலத் தேர்தல்களுக்கான வாக்கு வரி 1966இல்தான் நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. ஒரு தலைவரின் செல்வாக்கை அளக்கையில், வாக்களிக்க விடப்படாதோரையும் நாம் கணக்கிட வேண்டும்.