வாசிப்புப் போர்கள்

வாசிப்புப் போர்கள் என்பது, சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்பிக்கும் முறை குறித்து ஐக்கிய அமெரிக்காவில் நீண்டகாலமாக நடந்துவரும் விவாதத்தைக் குறிக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாகக் கற்பிப்பது எழுத்தொலி முறை. கதைகளின் வழியே பொருளுணர்ந்து வாசிக்கப் பழக்குவது முழுமொழி முறை. ஆங்கிலத்தில் 'சி' என்ற எழுத்து ஓரிடத்தில் 'க' ஒலியையும் வேறிடத்தில் 'ச' ஒலியையும் தருகிறது. இத்தகைய ஒழுங்கின்மையே விவாதத்தைக் கூர்மையாக்கியது.

பின்னணி

1955இல் ருடால்ஃப் பிளெஷ், சொல்லின் வடிவத்தைப் பார்த்து மனனம் செய்யும் முறையைத் தம் நூலில் கடுமையாகச் சாடினார். 1967இல் ஜீன் சால், தொடக்கத்திலேயே எழுத்தொலியைக் கற்பிப்பது நல்ல பலன் தருவதாக முடிவு செய்தார். அதே ஆண்டில் கென்னத் குட்மன், வாசிப்பை ஓர் ஊக விளையாட்டாக விளக்கினார். முழுமொழி முறைக்கு இக்கருத்து அடித்தளமானது.

தேசிய வாசிப்புக் குழு

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கோரிக்கைப்படி 1997இல் அமைக்கப்பட்ட இக்குழு, 2000இல் அறிக்கை அளித்தது. ஒலியன் உணர்வு, எழுத்தொலி, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தும் அதில் வலியுறுத்தப்பட்டன. முறையான எழுத்தொலிக் கற்பித்தலின் விளைவளவு 38 ஆய்வுகளின் அடிப்படையில் 0.41 எனக் கணிக்கப்பட்டது. 2003இல் கிரிகரி கமில்லி குழுவினர் அவ்வாய்வுகளை மறுபகுப்பாய்வு செய்தபோது அது 0.24ஆகக் குறைந்தது. தனிப்பயிற்சியும் மொழிச் செயல்பாடுகளும் பலன் தருவதாக அவர்கள் சுட்டினர். குழு உறுப்பினர் ஜோன் யாட்வின், அறிக்கையிலிருந்து மாறுபட்டுத் தனிக்கருத்துப் பதிவு செய்தார்.

அறிக்கையைத் தழுவி 'ரீடிங் ஃபர்ஸ்ட்' என்ற கூட்டரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டம் பற்றிய 2008ஆம் ஆண்டு மதிப்பீட்டில், முதல் வகுப்பினரின் எழுத்துக்கூட்டும் திறன் உயர்ந்திருந்தது. ஆனால் பொருளுணர்தலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

ஆசிரியர் பயிற்சி

ஆய்வு முடிவு வகுப்பறையை எட்ட ஆசிரியர் அதை அறிந்திருக்க வேண்டும். ஆசிரியர் தர தேசிய மன்றம் 2006இல் 72 கல்வியியல் நிறுவனங்களை ஆராய்ந்து, சுமார் 15 விழுக்காடு நிறுவனங்களே ஐந்து கூறுகளையும் கற்பிப்பதாகக் கூறியது. பாடத்திட்டங்களையும் பாடநூல்களையும் மட்டும் பார்த்து இவ்வாறு மதிப்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது.

மிசிசிப்பி மாநிலம் 2013இல் புதிய எழுத்தறிவுச் சட்டம் இயற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளும் அளிக்கப்பட்டதோடு, வாசிக்க இயலாத மூன்றாம் வகுப்பு மாணவர்கள் அதே வகுப்பில் நிறுத்தப்பட்டனர். தேசிய மதிப்பீட்டில் அம்மாநிலத்தின் நான்காம் வகுப்புச் சராசரி வாசிப்பு மதிப்பெண் 2013இல் 209ஆக இருந்து 2019இல் 219ஆக உயர்ந்தது. மூன்றும் ஒருங்கே நடைமுறைக்கு வந்ததால், உயர்வில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

இன்றைய நிலை

எழுத்தொலிக் கற்பித்தல் தேவை என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பொருளுணர்தலுடன் அதை எவ்வாறு இணைப்பது என்பவை இன்றும் விவாதத்திற்குரியவை.