இஞ்சினின் வெளிமூச்சு

நாகர்கோவிலின் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்தில், விடியற்காலையில் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நிற்கும் பழைய டீசல் பேருந்து ஒன்றின் அடிப்பாகத்தைச் சற்றுக் குனிந்து பார்ப்பவர்களுக்கு, இஞ்சினின் பக்கத்திலிருந்து தரையை நோக்கி இறங்கும் ஒரு குழாயும், அதன் வாயிலிருந்து மெல்லக் கசியும் வெண்புகையும், நுனியில் திரண்டு நிற்கும் ஒரு சொட்டு எண்ணெயும் தென்படும். சைலன்சரின் புகை வேறு, இது வேறு. பட்டறைகளில் இதற்கு ‘பிரீதர்’ என்று பெயர். இஞ்சின் தன் வயிற்றில் சேர்ந்த வாயுவை வெளியே விடும் வழி இதுதான். இன்றைய டர்போ கார்களில் இவ்வழி உள்ளுக்குள்ளேயே மடக்கப்பட்டுக் கண்ணுக்கு மறைந்துவிட்டபடியால், கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல், அதன் கோளாறுக்காக வேறெதையோ மாற்றிப் பெரும் பணத்தை விரயம் செய்கிறார்கள்.

கோயில் நகைகளுக்குப் பெயர்போன வடசேரியின் பொற்கொல்லர்களுக்குச் சூட்சுமமான இடைவெளியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சினிலும் அப்படியோர் இடைவெளி உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், உஷ்ணத்தில் விரிவதற்கு இடம் வேண்டுமாகையால், முழு வட்டமாக இராமல், ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கோ அரைப் பங்கோ பிளவு விட்டே அமைக்கப்படுகிறது. டர்போ டீசல் இஞ்சினில் எரிபொருள் பற்றியெரியும் தருணத்து அழுத்தமோ, நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்கையும் தாண்டுவது. ஆகவே, எவ்வளவு புதிய இஞ்சினானாலும், வாயுவில் ஒரு சிறு பகுதி ரிங்குகளைக் கடந்து, கிராங்க் சுழலும் கீழறைக்குள் இறங்கியே தீரும். நீராவியும் எரியாத எரிபொருளும் அதனுடன் இறங்க, கீழே சிதறிக்கொண்டிருக்கும் எண்ணெயின் நுண்துளிகளும் அதில் கலந்துகொள்கின்றன. ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேயத் தேய இவ்வாயு பெருகும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, மேலே எழும் புகையைப் பார்த்துவிட்டு, “பேக் கம்ப்ரஷன் அடிக்கு, அண்ணாச்சி” என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

முன்காலத்தில் இவ்வாயுவைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். நகரங்களின் காற்று கெட்டுப்போவதில் இதற்கும் கணிசமான பங்குண்டு என்று கண்டபின், அமெரிக்காவில் முதலில் கலிபோர்னியாவின் 1961-ஆம் வருஷத்துக் கார்களிலும், 1963-இல் நாடு முழுவதிலும், வாயுவைத் திரும்பவும் இஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும் ‘பி.சி.வி.’ வால்வு வந்தது. சாதாரணப் பெட்ரோல் இஞ்சினில் காற்று புகும் வழியில் பெரும்பாலும் ஓர் இழுவிசை இருப்பதால், இந்த ஏற்பாடு தடையின்றி நடக்கிறது.

டர்போ வந்ததும் காரியம் சிக்கலாகிறது. ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்த இந்த யந்திரம், வெளியேறும் புகையின் வேகத்தைக்கொண்டே, நிமிஷத்திற்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை சுழன்று, காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கிறது. இழுத்த இடமே தள்ளும் இடமாக மாறிவிடுவதால், அவ்வேளையில் பி.சி.வி. வால்வு மூடிக்கொள்ள, கீழறை வாயு டர்போவின் முகப்பில் இணைந்த வேறொரு குழாய் வழியே செல்கிறது. அங்கிருந்து எண்ணெய்ப் பனி டர்போவைக் கடந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் படிந்து தேங்குகிறது. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் புதிய இஞ்சின்களில், காற்று புகும் வால்வின் முதுகைக் கழுவிச் செல்ல எரிபொருள் அவ்வழியே வருவதில்லையாதலால், எண்ணெய் அங்கே கரியாக இறுகுகிறது. டீசலிலோ, மறுசுழற்சியாக வரும் புகையின் கரியோடு சேர்ந்து தாரைப்போல் காற்று வழியை அடைக்கிறது. 2007 முதல் 2020 வரை ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்து, நாகர்கோவில் டாக்சிகளிலும் ஏராளமாக ஓடிய 1,248 சி.சி. ஃபியட் டீசல் இஞ்சினைப் பிரித்தவர்களுக்கு இந்தக் கருங்குழம்பு புதிதன்று.

இதைத் தடுக்கவே ‘கேட்ச் கேன்’. பிரீதருக்கும் டர்போவின் முகப்புக்கும் நடுவே ஒரு சிறு கலத்தை வைத்து, உள்ளே தடுப்புத் தகடும் கம்பி வலையும் அமைத்தால், வாயு வளைந்து திரும்பி நுழைகையில் எண்ணெய்த் துளிகள் வலையில் ஒட்டிச் சொட்டி அடியில் தங்கும். வாயு மட்டும் மேலே செல்லும். வெறும் டப்பாவை வாங்கிப் பொருத்துவது வீண்; எண்ணெய்ப் பனி அதனுள் ஒரு வழியாகப் புகுந்து மறு வழியாகப் போய்விடும். கலம் சைலன்சர் குழாயின் வெக்கையிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஹோஸ் எண்ணெயைத் தாங்குவதாகவும், பழைய குழாயினும் குறுகாததாகவும் இருக்க வேண்டும். பந்தயக் கார்களில் பிரீதர் வெளியே திறந்திருக்குமானால், ஓடுதளத்தில் எண்ணெய் சிந்தாதபடி, 2,000 சி.சி. வரை 2 லிட்டரும் அதற்கு மேல் 3 லிட்டரும் கொள்ளும் கலம் வேண்டுமென்பது சர்வதேச விதி. ஆனால் பந்தயக்காரரைப் பார்த்து, வீட்டுக் காரிலும் கலத்தின் வாயைக் காற்றில் திறந்துவிடுவது, அறுபது வருஷங்களுக்கு முன் விட்டொழித்த நச்சை மீண்டும் தெருவில் விடுவதேயாகும்.

என் அபிப்பிராயத்தில், கலத்தைவிட முக்கியமானது குழாயின் தாராளம். பிரீதர் அடைபட்டால் கீழறையில் அழுத்தம் ஏறுகிறது. டர்போவின் தண்டை நனைத்த எண்ணெய் தன் பாரத்தினால் மட்டுமே கீழறைக்கு வழிந்து திரும்புவதாகையால், அழுத்தம் எதிர்த்து நிற்கும்போது திரும்ப வழியின்றி, டர்போவின் இருபுறமும் பிதுங்கி, நீலப் புகையாக வெளிவருகிறது. உடனே டர்போ போய்விட்டதென்று தீர்மானித்துப் புதியதை மாட்டுகிறார்கள். சில வாரங்களில் புதிய டர்போவும் அதே புகையைக் கக்குகிறது. சில நூறு ரூபாய் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அடைப்பைக் கவனியாமல் விட்டால் கிராங்கின் பின் சீலும் கசியும். டீசலாயின், எண்ணெய் மிகுதியாக உள்ளே புகுந்து, சாவியை அணைத்த பின்னும் இஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. தேய்ந்த ரிங்குக்கோ கலம் மருந்தாகாது. வாரந்தோறும் அது நிரம்புகிறதென்றால், பிரித்துப் பார்க்க வேண்டியது இஞ்சினையே.

இரு பருவமழைகளும் பெய்யும் நாஞ்சில் நாட்டில், வடசேரிச் சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரமே ஓடும் காரின் கலத்தில், மோரைப்போல் வெளுத்த குழம்பு சேருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இஞ்சின் முழுச் சூடு ஏறாததால் ஆவியாகாத நீர், எண்ணெயுடன் கலந்ததே அது. ரேடியேட்டர் நீரும் குறைந்தால்தான் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மாட்டிய பின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு முறை திறந்து, சேர்ந்த அளவைக் குறித்துக்கொண்டால், பிறகு எத்தனை நாளுக்கொரு முறை வடிக்க வேண்டுமென்பது தானே விளங்கும். வடித்ததை ஓர் அடைத்த டப்பாவில் சேர்த்து, பட்டறையில் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஓடையில் ஊற்றினால் அது பழையாற்றில் கலந்து, வயல்களைத் தொட்டு, மணக்குடிக் கழிமுகம் வரை போகும்.