கூலியாளின் கை ஊனத்தைக் கணக்கிடுபவர் யார்?

கதிரடிக்கும் இயந்திரம், மின்சாரத்தில் ஓடும் தீவனம் நறுக்கும் இயந்திரம், ஆலைக் கொட்டகையில் கரும்பு பிழியும் உருளை ஆகியவற்றில் கை சிக்கிக் கொள்ளும் விபத்துகள் ஆண்டுதோறும் நடந்து கொண்டுதான் இருக்கின்றன. விபத்தைத் தடுக்கும் வழிகளை விவசாயப் பெருமக்களிடம் பல முறை கூறி வந்திருக்கிறோம். ஆனால் விபத்து நடந்து, காயம் ஆறி, கை முன்போல் ஆகாது என்று தெரிந்த பிறகு கூலியாளுக்கு என்ன கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பது எது என்று கேட்டால் பலருக்கும் விடை தெரிவதில்லை. பெரும்பாலும் அது ஒரு டாக்டர் ஒரு தாளில் எழுதித் தரும் சதவீதமே ஆகும்.

டிராக்டர் கொண்டோ, விசையாலும் மின்சாரத்தாலும் இயங்கும் கருவிகளைக் கொண்டோ நடக்கும் பண்ணை வேலையில் அமர்த்தப்பட்டவர்களையும் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தன்னுள் சேர்த்துக் கொண்டிருந்தது. ஆலை முதலாளிக்குத்தான் இந்தச் சட்டம் என்று எண்ணுவது தவறு. வேலைக்கு வைத்த விவசாயியும் பொறுப்பாளியே. 21-11-2025 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 எடுத்துக் கொண்டுள்ளது. ஆயினும் ஊனத்திற்கு அட்டவணை, அட்டவணையில் இல்லாததற்கு டாக்டரின் மதிப்பீடு என்ற ஏற்பாடு அதிலும் தொடர்கிறது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை மிகவும் திட்டவட்டமானது. ஒரு கை போனால் 60 சதவீதம், கட்டை விரல் போனால் 30, ஒரே கையில் நான்கு விரல்கள் போனால் 50, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, சுண்டு விரல் போனால் 7 என்று கணுக்கணுவாக வகுத்திருக்கிறார்கள். இரு கைகளும் போனால் 100. இவற்றில் வழக்கு அதிகம் எழுவதில்லை. விரல் இருக்கிறதா, இல்லையா என்பதை எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

விரல் இருந்தும் வேலை செய்யாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. நரம்பு அறுந்து தைக்கப்பட்ட கை, மடங்காத மணிக்கட்டு, தூக்க முடியாத தோள் இவையெல்லாம் அட்டவணையில் இல்லை. இவற்றுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற டாக்டர் மதிப்பிட வேண்டும் என்றது சட்டம். அட்டவணைச் சதவீதங்களை மனதில் கொண்டு அவர் கணக்கிட வேண்டும். சரி, அந்தத் தகுதி என்ன? மருத்துவப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எலும்பு மூட்டு மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்றோ, ஊனத்தைக் கணக்கிடுவதில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றோ அச்சட்டம் கேட்கவில்லை. நோயாளி என்ன வேலை செய்தார் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. என் கருத்தில் பெரிய குறை இந்தக் கடைசி விஷயமே.

2022ஆம் ஆண்டில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மாட்டுப் பண்ணை ஒன்றில் பால் கறக்கவும் தீவனம் நறுக்கவும் இருந்த நாற்பது வயது ஆளின் வலது கை தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் சிக்கியது. ஐந்து விரல்களும் பிழைத்தன. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அவரைப் பார்த்த டாக்டர் விரல் மூட்டுகளில் விறைப்பு என்று எழுதி 15 சதவீதம் போட்டுக் கொடுத்தார். அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்பது சர்டிபிகேட்டில் ஓரிடத்திலும் இல்லை.

கறவை மாடு வைத்திருப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காம்பை உள்ளங்கையில் அடக்கி, ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஒவ்வொன்றாக இறுக்கிக் கறப்பதே முழுக்கை முறை. மூன்று விரல் மடங்காதவரால் அது முடியாது. கட்டை விரலை மடக்கிக் கறந்தால் காம்பு புண்ணாகும். பண்ணைக்காரர் அனுமதிக்க மாட்டார். எழுத்து வேலை செய்பவருக்கு அந்த 15 சதவீதம் பொருந்தலாம். கறவைக்காரருக்கு எப்படிப் பொருந்தும்?

ரூபாய்க் கணக்கையும் பார்ப்போம். அவருக்கு மாதச் சம்பளம் 10,000 ரூபாய். முழு ஊனத்திற்குச் சம்பளத்தில் 60 சதவீதமாகிய 6,000 ரூபாயை, 40 வயதிற்கு உரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 11,05,020 ரூபாய் வரும். ஆகவே டாக்டர் எழுதும் ஒவ்வொரு சதவீதமும் ஏறத்தாழ 11,050 ரூபாய்! 15 சதவீதம் என்றால் 1,65,753 ரூபாய். அதையே 40 என்று எழுதினால் 4,42,008 ரூபாய்.

உடலின் ஊனமும் பிழைப்பின் ஊனமும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1975லேயே கூறியிருக்கிறது. ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட வழக்கு அது. அட்டவணை 70 சதவீதம் என்றாலும், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அது முழு ஊனமே என்று தீர்ப்பாயிற்று. 2010ல் ஒரு மோட்டார் விபத்து வழக்கில், டாக்டர் உடல் ஊனத்தைச் சொல்லலாம், வருமான இழப்பைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை என்று அதே நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கேட்டவருக்கெல்லாம் தாராளமாகச் சர்டிபிகேட் எழுதும் டாக்டர்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவும் சொன்னது. சதவீதம் குறைந்தால் ஆள் கெடுவான், காரணமின்றிக் கூடினால் சிறு விவசாயி கெடுவான். இருபுறமும் பார்க்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இத்தகைய மதிப்பீடு செய்யும் டாக்டர்களுக்குத் தனித் தேர்வு வைக்கிறார்கள். அறிக்கை எழுதப் பயிற்சி உண்டு. இரண்டாண்டுக்கு ஒரு முறை நியமனத்தைப் புதுப்பிக்க வேண்டும். வக்கீல் வைக்காத தொழிலாளிக்கு மூன்று டாக்டர்களின் பெயர் தரப்பட்டு, அதில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அங்கும் தகராறு இல்லாமல் இல்லை. ஆயினும் டாக்டர் பட்டம் ஒன்று, ஊனத்தை மதிப்பிடும் தகுதி வேறு என்பதை அவர்கள் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் ஒரு குறுகிய காலப் பயிற்சியாவது வைத்தால் நல்லது. அதில் ஒரு நாள் டாக்டர்களை வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அழைத்து வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை நாம் செய்யக் கூடியவை உண்டு. காயம் நன்கு ஆறி, இனி முன்னேற்றம் இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகே நிரந்தர ஊனத்திற்குச் சர்டிபிகேட் கேட்க வேண்டும். அவசரப்பட்டு வாங்கியது பின்னர் நிற்காது. கை கால் காயமென்றால் அரசு மருத்துவமனை எலும்பு மூட்டு சிகிச்சை நிபுணரிடம் செல்வது நல்லது. சிகிச்சை அளித்தவரே மதிப்பிட்டால் இன்னும் சிறப்பு. டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே முதலியவற்றைத் தொலைத்துவிடக் கூடாது. மாற்றுத் திறனாளி அடையாள அட்டையில் உள்ள சதவீதம் உடல் ஊனத்தைக் குறிப்பது. நஷ்டஈட்டுக்கு அது மட்டும் போதாது. ஒரு உறுப்பின் பயன் முழுவதும் நிரந்தரமாகப் போய்விட்டால் அந்த உறுப்பே போனதற்குச் சமம் என்று அட்டவணையின் அடியில் குறிப்பு இருந்ததையும் பலர் கவனிப்பதில்லை.

பண்ணைக்காரரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தம் செலவில் ஆளை டாக்டரிடம் காட்ட அவருக்கும் உரிமை உண்டு. இன்சூரன்ஸ் பத்திரத்தில் கூலியாட்களும் அடங்கியிருக்கிறார்களா என்று விபத்துக்கு முன்பே பார்த்துக் கொள்வது அவருக்கே நல்லது. எல்லாவற்றையும் விட, ஆள் செய்த வேலையை ஒரு தாளில் விவரமாக எழுதி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். எந்தக் கை, எவ்வளவு பாரம், ஒரு நாளில் எத்தனை மணி, எந்தப் பிடி என்று எழுதினால் போதும்.

நான் சொன்ன கறவைக்காரருக்கு அத்தகைய தாள் ஒன்றைப் பண்ணைக்காரரே எழுதிக் கொடுத்தார். காலையில் ஆறு மாடு, மாலையில் ஆறு மாடு என்று தொடங்கியது அது. இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் அதைப் படித்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் குமிழை அவர் கையில் கொடுத்துப் பால் கறப்பது போல் அமுக்கச் சொன்னார். இரண்டு முறை அமுக்கியதும் குமிழ் நழுவிக் கீழே விழுந்தது. டாக்டர் 40 சதவீதம் என்று எழுதி, காரணத்தையும் கீழே நான்கு வரியில் எழுதினார்.