பறவைக் கூட்டம் வந்தா, போனை உள்ள வைங்க

இன்னைக்கு எபிசோட் நான் பண்ணின ஒரு தப்புல இருந்து தொடங்குது.

ஒரு டிசம்பர் மாசம், வால்பாறை. ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுல மிச்சமிருக்கிற ஒரு மழைக்காட்டுத் துண்டு ஓரமா, ரோட்டுல நிக்கிறேன். ஒரு மணி நேரமா ஒரு பறவையும் இல்லை. அட்டை மட்டும் கால்ல ஏறிக்கிட்டே இருந்துச்சு.

திடீர்னு காடு முழுக்கச் சத்தம். கீழே புதர்ல பழுப்பு நிறச் சின்னச் சிலம்பன்கள், மரத்தண்டுல மரங்கொத்தி, உச்சிக் கிளையில ஆரஞ்சும் கறுப்புமா மின்சிட்டுகள், நடுவுல துடுப்புவால் கரிச்சான். கேமராவை எங்கே திருப்புறதுன்னே தெரியலை. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் தள்ளிப் போயிடுச்சு.

எனக்கு ஒரு நல்ல படம்கூடக் கிடைக்கலை. அதனால போனை எடுத்து, கரிச்சான் குரலைப் பதிவுல இருந்து சத்தமா ஓட விட்டேன். கரிச்சான் திரும்பி வந்துச்சு. என் தலைக்கு மேல உட்கார்ந்து விடாமக் கத்துச்சு. மத்த பறவைகள் சத்தமே இல்லாம அப்படியே உறைஞ்சு போச்சு. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பறந்துடுச்சு. எனக்குப் படம் கிடைச்சது. கூட்டம் கலைஞ்சது.

நான் எதைக் கலைச்சேன்னு புரிய, இந்தக் கூட்டம் ஏன் சேருதுன்னு தெரியணும். இதைக் கலப்பினக் கூட்டம்னு சொல்லலாம். வேற வேற இனப் பறவைகள் ஒண்ணா நகர்ந்துகிட்டே இரை தேடுறது. இதுல ரெண்டு லாபம்.

முதல் லாபம், பாதுகாப்பு. இலைக்கு அடியில பூச்சி தேடுற பறவையால அதே நேரத்துல வல்லூறு வருதான்னு பார்க்க முடியாது. நிறைய கண்கள் இருந்தா, ஒவ்வொண்ணும் கொஞ்ச நேரம் பயமில்லாம சாப்பிடலாம்.

ரெண்டாவது, சாப்பாடு. சிலம்பன்கள் புதரைக் கிளறும்போது பூச்சிகள் பறக்கும். கரிச்சான் அதை அந்தரத்துலயே பிடிச்சுடும். சும்மா இல்லை, பதிலுக்கு அது காவல் வேலை பார்க்குது. உயரமான இடத்துல உட்கார்ந்து, ஆபத்துன்னா முதல்ல கத்துறது பெரும்பாலும் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இந்தச் சிலம்பனும் கரிச்சானும் பல கூட்டங்களுக்கு முதுகெலும்பு மாதிரி. குளிர்காலத்துல இமயமலைப் பக்கமிருந்து வர்ற கதிர்க்குருவிகளும் இந்தக் கூட்டங்கள்ல சேர்ந்துக்கும்.

இலங்கையில சிங்கராஜக் காட்டுல சரத் கொட்டகம, எபென் குட்டேல் ரெண்டு பேரும் இதைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினாங்க. அங்கே ஒரு கூட்டத்துல சராசரியா 11 இனங்களுக்கு மேல, சுமார் 40 பறவைகள் இருந்திருக்கு. 2006-ல வந்த அவங்க கட்டுரையில ஒரு ஆச்சரியமான விஷயம் இருக்கு. அங்கே இருக்கிற கரிச்சான், கூட்டத்துல சேர்ற மத்த பறவைகளோட குரலை மிமிக்ரி பண்ணும். அந்த மிமிக்ரி கலந்த பாட்டைப் பதிவுல ஓட விட்டப்போ, வெறும் கரிச்சான் பாட்டைவிட அதுக்கு அதிகமா மத்த பறவைகள் வந்தன.

யோசிச்சுப் பாருங்க. நானும் குரல் கொடுத்துத்தான் கூப்பிட்டேன். ஆனா கரிச்சான் கூப்பிட்டா, கூடவே இருந்து காவல் காக்கும். நான் ஒரு படத்துக்காகக் கூப்பிட்டு, காவல்காரனோட வேலையைக் கெடுத்தேன். குளிர்காலப் பகல் சின்னது. குட்டிப் பறவைகள் கிட்டத்தட்ட நாள் முழுக்கத் தின்னாகணும். அதுல நான் தின்ன நிமிஷங்களுக்குக் கணக்கு உண்டு. கூடு கட்டுற காலத்துல இதைச் செஞ்சா இன்னும் மோசம். இல்லாத எதிரியை விரட்ட, கூட்டை விட்டுட்டு வரும்.

இப்போ நான் செய்யறது இதுதான். போன் பைக்குள்ள. கூட்டம் வந்தா முதல் ரெண்டு நிமிஷம் கேமராவைத் தொட மாட்டேன். எந்தத் திசையில நகருதுன்னு பார்ப்பேன். அப்புறம் பின்னாடி ஓடாம, ரோட்டோரமாவே முன்னாடி போய் ஒரு இடைவெளி தெரியுற இடத்துல அசையாம நிப்பேன். பல நேரம் அதுங்களே கிட்ட வரும்.

செட்டிங்ஸ் கேக்குறவங்களுக்கு: காட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி. ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காம ஏத்துங்க, ஷட்டர் 1/500-க்குக் கீழ வேண்டாம். வானம் பின்னணியா இருந்தா பறவை கறுப்பா விழும், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்க. ஃபிளாஷ் வேண்டாம்.

ஒரே பறவையைத் துரத்தாதீங்க. புதர், தண்டு, உச்சின்னு அடுக்கு அடுக்கா பார்த்து, யார் எங்கே இருந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. என்கிட்ட அந்தக் கரிச்சான் படம் இன்னும் இருக்கு, நல்ல ஷார்ப்பா. எங்கேயும் போஸ்ட் பண்ணலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.